அந்த அரைத்தாள் படிவம்: அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ‘கிஃப்டட்’ பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பையில் ஒரு காகிதக் கோப்பு இருக்கும். வீட்டுக்கு வர வேண்டிய சேதியெல்லாம் அதில்தான் வரும்: மதிய உணவுப் பட்டியல், வகுப்புப் புகைப்பட நாள், யாரோ ஒரு பிள்ளையின் தலையில் பேன் இருக்கிறது என்ற எச்சரிக்கை. என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, இவற்றுக்கு நடுவே ஓர் அரைத்தாள் கிடந்தது. உங்கள் பிள்ளையைக் ‘கிஃப்டட்’ திட்டத்துக்குப் பரிந்துரைக்க விரும்பினால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றது. பீட்சா விற்பனை விளம்பரத்தோடு சேர்த்து அதையும் குப்பைக்கூடையில் போட்டிருப்பேன். என் கணவர் பார்த்துவிட்டார்.

எங்கள் அடுக்ககத்தில் இரண்டு வீடு தள்ளி அதே வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அம்மா முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்பவர். அந்த வீட்டில் அரைத்தாளை யாரும் பார்க்கவில்லை. என் மகள் தேர்வு எழுதினாள், அவள் எழுதவில்லை. இருவரில் யார் கெட்டிக்காரி என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, பள்ளிக்கும் தெரிந்திருக்காது.

ஊரிலிருந்து என் அம்மா போன் செய்யும்போதெல்லாம் “அதென்ன கிஃப்டட் கிளாஸ்? அதற்கு எப்படிப் பிள்ளைகளை எடுக்கிறார்கள்?” என்று கேட்பார். தேர்வில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதுதான் அவர் கேட்க வந்தது. ஆனால் தேர்வு எழுதும் நாளுக்கு வெகு முன்பே பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பது பாதி முடிந்துவிடுகிறது. எந்தப் பிள்ளையைத் தேர்வுக்கு உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ‘மெல்லக் கற்கும் மாணவர்’, ‘மீத்திறன் மாணவர்’ என்று பிரித்துச் சொல்வார்கள். அந்த மீத்திறன்தான் கிட்டத்தட்ட இந்தக் ‘கிஃப்டட்’. வகுப்பு போகிற வேகம் போதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கூடுதலாக, ஆழமாகக் கற்றுத்தருவதுதான் திட்டத்தின் நோக்கம். சில இடங்களில் அதற்குத் தனி வகுப்பே உண்டு. சில இடங்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிள்ளைகளை வேறு அறைக்கு அழைத்துப் போவார்கள். சில இடங்களில் பெயர் மட்டும் இருக்கும், வகுப்பு இருக்காது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு உரிய கல்வியைத் தந்தே ஆக வேண்டும் என்று 1975 முதல் அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டம் இருக்கிறது. மீத்திறன் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. 1988இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆய்வுக்கும் முன்னோடி முயற்சிகளுக்கும் பணம் தருகிறது, கட்டாயப்படுத்துவதில்லை. யார் மீத்திறன் பிள்ளை என்பதை மாநிலம் வரையறுக்கும். பல இடங்களில் அதையும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்திடமே விட்டுவிடும். ‘பள்ளி மாவட்டம்’ என்று இங்கே சொல்வது அந்த நிர்வாகத்தைத்தான். ஆகவே ஓர் ஊரில் மீத்திறன் பிள்ளையாக இருந்தவள், அப்பாவுக்கு வேலை மாறி அடுத்த ஊருக்குப் போனதும் சாதாரணப் பிள்ளையாகிவிடலாம். பிள்ளை மாறவில்லை, எல்லைக்கோடு மாறியிருக்கிறது.

அளவுகோலின் கதை 1905இல் பாரிஸில் தொடங்குகிறது. ஆல்ஃப்ரெட் பினே என்ற உளவியலாளர் தன் அறிவுத்திறன் தேர்வை உருவாக்கியது, படிப்பில் பின்தங்கி உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்கு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் அதை அமெரிக்காவுக்கு ஏற்றபடி திருத்தினார். பிறகு கோலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து மேதைகளைத் தேடக் கிளம்பினார். 1921இல் தொடங்கிய அவருடைய ஆய்வில் சுமார் 1,500 பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு வைக்க அவரிடம் வசதியில்லை. அதனால் உங்கள் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் யார், வயதில் இளைய பிள்ளை யார் என்று ஆசிரியர்களிடம் கேட்டு, பெரும்பாலும் அப்படிப் பெயர் வந்தவர்களையே சோதித்தார். கலிபோர்னியாவில் அப்போது சோதிக்கப்பட்டுப் போதிய மதிப்பெண் பெறாமல் ஒதுக்கப்பட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் உண்டு. பின்னாளில் இருவரும் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள், 1956இலும் 1968இலும். டெர்மன் தேர்ந்தெடுத்த 1,500 பேரில் ஒருவருக்கும் அந்தப் பரிசு கிடைக்கவில்லை.

சரி, இன்றைய தேர்வுக்கு வருவோம். பெயர்கள் பல. அதிகம் காதில் விழுவது ‘காகேட்’. இதில் சொல், எண், உருவம் என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று உட்பிரிவுகள். நாக்லியேரி என்ற உளவியலாளர் உருவாக்கிய இன்னொரு தேர்வில் சொற்களே கிடையாது, முழுக்க உருவங்கள்தான். இவை வகுப்போடு உட்கார்ந்து எழுதும் தேர்வுகள். வெக்ஸ்லர் தேர்வு வேறு வகை: உளவியலாளர் ஒருவர் பிள்ளையைத் தனியாக எதிரே உட்கார வைத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கேள்வி கேட்டு ஐ.க்யூ. என்ற அறிவுத்திறன் எண்ணைக் கணக்கிடுவார்.

உருவப் பகுதியில் ஒரு வகைக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். சதுரத்தாள் ஒன்றை இடமிருந்து வலமாகப் பாதியாக மடிக்கிறார்கள். பிறகு மேலிருந்து கீழாக இன்னொரு மடிப்பு. மடித்த தாளில், மடிப்புகள் இரண்டும் சந்திக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஒரு துளை போடுகிறார்கள். தாளைப் பிரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும்? ஐந்து படங்களில் சரியானதைக் காட்ட வேண்டும். விடை: நான்கு துளைகள், நடுவில் நெருக்கமாக. மடிப்பு இல்லாத மூலையில் துளை போட்டிருந்தால் நான்கும் தாளின் நான்கு மூலைகளுக்குச் சிதறியிருக்கும். காகிதக் கப்பல் செய்து மழைத்தண்ணீரில் விட்டுப் பழகிய கைகளுக்கு இது விளையாட்டு. நம் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைக்காக எழுதும் மனத்திறன் தாளைப் பார்த்தவர்களுக்கும் இந்த வகைக் கேள்விகளின் வாசனை தெரிந்திருக்கும்.

சொற்பகுதி அவ்வளவு சமமான ஆடுகளம் இல்லை. சின்ன வகுப்புகளில் அதையும் படங்களாகவே தருகிறார்கள். ஆனால் ‘கைக்குக் கையுறை என்றால் காலுக்கு என்ன?’ என்ற கேள்வியை, பனியையே பார்க்காத மதுரையிலிருந்து போன மாதம் வந்த பிள்ளையிடம் நீட்டினால், நாம் சோதிப்பது அறிவையா, அனுபவத்தையா? சொல்லற்ற தேர்வுகள் வந்ததற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். அவையும் முழுத் தீர்வு இல்லை. புதிர்ப் புத்தகங்கள் கிடக்கிற வீட்டுப் பிள்ளைக்கும், ஒன்றும் கிடக்காத வீட்டுப் பிள்ளைக்கும் நடுவே இடைவெளி அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது.

மதிப்பெண் பற்றி நம் பெற்றோர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம் உண்டு. பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் ‘98ஆவது பெர்சன்டைல்’ என்று இருக்கும். நூற்றுக்கு 98 வாங்கியிருக்கிறாள் என்று பொருள் இல்லை. நாடு முழுவதும் அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய 98 பேர் அவளுக்குப் பின்னால் நிற்பார்கள் என்று பொருள். வயதை ஆண்டும் மாதமுமாகக் கணக்கிடுகிறார்கள். ஏழு வயது இரண்டு மாதப் பிள்ளையும் ஏழு வயது பத்து மாதப் பிள்ளையும் ஒரே எண்ணிக்கையில் சரியான விடை தந்தால், இளைய பிள்ளைக்கு மதிப்பு கூடும்.

ஐ.க்யூ. கணக்கில் சராசரி 100. பல மாநிலங்களில் தகுதிக் கோடு 130. நூறு பிள்ளைகளில் சுமார் இரண்டு பேர்தான் அதைத் தாண்டுவார்கள். 25 பேர் வகுப்பு என்றால் பாதிப் பிள்ளை. இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே பிள்ளை வேறொரு நாள் எழுதினால் நான்கைந்து புள்ளி ஏறலாம், இறங்கலாம். காய்ச்சல், பசி, முன்பின் தெரியாத அறை, ‘அம்மா வெளியே இருக்கிறாளா?’ என்ற கவலை எல்லாமே அதில் சேரும். அளவுகோலுக்கு 127க்கும் 130க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. நிர்வாகத்துக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இதனால்தான் சில மாவட்டங்கள் ஒரே எண்ணை நம்புவதில்லை. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் தேர்வு மதிப்பெண்ணோடு ஆசிரியரின் மதிப்பீடு, பிள்ளையின் வேலைகளிலிருந்து மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி, ஒரு குழு படித்துப் பார்த்து முடிவு செய்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல அளவுகோல் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘மூன்றில் ஏதாவது ஒன்றில் தேறினால் போதும்’ என்பது ஒரு விதி. ‘மூன்றிலும் தேற வேண்டும்’ என்பது வேறொரு விதி. முதலாவது கதவை அகலமாக்கும். இரண்டாவது ஒரே வாசலில் மூன்று பூட்டுப் போடும், ஏதாவது ஒன்றில் அன்றைக்குத் தடுக்கிய பிள்ளை வெளியே நிற்கும். அறிவிப்பில் இரண்டுக்கும் பெயர் ‘பல்வகை மதிப்பீடு’தான்.

இனி விஷயத்தின் நடு இடத்துக்கு வருகிறேன். தேர்வு எழுதுவது யார்? பெரும்பாலான இடங்களில் பழைய வழி பரிந்துரைதான்: ஆசிரியர் பெயர் கொடுக்க வேண்டும், அல்லது பெற்றோர் கேட்க வேண்டும். ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 25 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் ஒருவருக்குக் கண்ணில் படுவது யார்? கையைத் தூக்குபவள், ஆங்கிலம் தெளிவாகப் பேசுபவள், வீட்டுப்பாடத்தை நேரத்தில் தருபவள். கடைசி வரிசையில் அலுப்பில் நெளிபவனுக்கு மீத்திறன் இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? ஜேசன் கிரிஸ்ஸம், கிறிஸ்டோபர் ரெடிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதில் இன்னொரு அடுக்கைக் காட்டியது: கணிதத்திலும் வாசிப்பிலும் ஒரே மாதிரி மதிப்பெண் வைத்திருந்தும் கறுப்பினப் பிள்ளைகள் மீத்திறன் திட்டத்தில் சேரும் வாய்ப்பு வெள்ளையினப் பிள்ளைகளைவிட மிகக் குறைவு, ஆசிரியரும் கறுப்பினத்தவராக இருந்த இடங்களில் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது.

இதைத் திறந்து பார்க்க ஒரு நல்ல சாவி ஃபுளோரிடா மாநிலத்தின் பிரோவர்ட் கவுன்டி. ஃபோர்ட் லாடர்டேல் நகரம் இருக்கும் இடம். நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் ஒன்று. மாநில விதிப்படி அங்கே கோடு 130. ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் 116 போதும். அதாவது சலுகை ஏற்கெனவே இருந்தது. இருந்தும் மாணவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின, ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வழிவந்த) பிள்ளைகளாக இருந்த அந்த மாவட்டத்தில், மீத்திறன் வகுப்பில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2005இல் மாவட்டம் ஒன்று செய்தது. பரிந்துரைக்காகக் காத்திருக்காமல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் நாக்லியேரி தேர்வை வைத்தது. அதில் நன்றாகச் செய்தவர்களை உளவியலாளரிடம் இலவசமாக ஐ.க்யூ. சோதனைக்கு அனுப்பியது.

பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். தகுதிக் கோட்டை யாரும் இறக்கவில்லை. ஆனாலும் மீத்திறன் வகுப்புக்குத் தகுதி பெற்ற ஹிஸ்பானியப் பிள்ளைகளின் விகிதம் 130 சதவீதமும், கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதமும் உயர்ந்தன. இந்தப் பிள்ளைகள் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. முந்தைய ஆண்டும் அதே பெஞ்சுகளில் அவர்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. பிறகு பொருளாதார மந்தம் வந்தது. பட்ஜெட்டில் கத்தரி விழுந்தது, அனைவருக்குமான சோதனை சுருங்கியது. எண்ணிக்கையும் பழையபடி சரிந்தது.

பிரோவர்ட் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. ஒரு பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு மீத்திறன் பிள்ளை இருந்தாலும் தனி வகுப்புத் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதியாக இருந்தது. ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பா? மீதி இடங்களை முந்தைய ஆண்டுத் தேர்வில் மேலே இருந்த பிள்ளைகளைக் கொண்டு நிரப்பினார்கள், ஐ.க்யூ. கேட்காமல். அந்த வகுப்பால் படிப்பில் அதிகம் முன்னேறியவர்கள் யார் என்று பார்த்தால், இப்படி மிச்ச இடத்தில் வந்த பிள்ளைகள், குறிப்பாகக் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள். 130ஐத் தாண்டி வந்தவர்களின் மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அவர்கள் முன்பே உச்சியில் இருந்தவர்கள் என்றும் சொல்லலாம். ஆனால் கோட்டுக்கு மேலே யார் என்று அத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்துவிட்டு, பலனைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களிடம் பார்த்தது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

நியூயார்க் நகரம் வேறு வழியில் போய்ப் பார்த்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் இஷ்டப்படி பிள்ளைகளை எடுக்கிறது என்ற புகாரால், 2008 முதல் நகரம் முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே கோடு என்று வைத்தார்கள். எழுத வேண்டியது நான்கு வயதுப் பிள்ளை. அம்மாவை வெளியே விட்டுவிட்டு, தெரியாத பெரியவர் ஒருவரோடு அறைக்குள் போக வேண்டும். 90ஆவது பெர்சன்டைல் என்றால் வட்டார வகுப்பு. 97 என்றால் நகரம் தழுவிய ஐந்து சிறப்புப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் நியாயமாகிவிடும் என்று நினைத்தார்கள். நடந்தது, வசதியுள்ளவர்கள் நான்கு வயதுக்கு டியூஷன் வைத்தார்கள். பிராங்ஸ், புரூக்ளின் பகுதிகளின் சில ஏழை வட்டாரங்களில் பல ஆண்டுகள் ஒரு வகுப்புத் தொடங்கும் அளவுக்குக்கூடப் பிள்ளைகள் சேரவில்லை. தேர்வு எழுத வேண்டுமென்றால் பெற்றோர் பெயர் பதிய வேண்டும் என்ற அந்த முதல் வாசல் மாறவே இல்லை.

2021இல் அந்தத் தேர்வு நின்றது. அதற்குப் பின் வந்த ஏற்பாட்டில், மழலையர் வகுப்பு ஆசிரியர் பரிந்துரைக்கும் பிள்ளைகளில் குலுக்கல் போட்டு இடம் தந்தார்கள். மூன்றாம் வகுப்பில் நுழைவதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் மேலே இருக்கும் பத்து சதவீதத்தினரை விண்ணப்பிக்க அழைத்தார்கள்.

இந்தக் கடைசி முறையைப் பற்றித்தான் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை ஓயாது. ஒரு பள்ளியின் முதல் பத்து சதவீதமும் இன்னொரு பள்ளியின் முதல் பத்து சதவீதமும் ஒன்றாகுமா, தரம் என்ன ஆவது என்று கேட்பார்கள். எனக்கு இந்த முறை சரியாகத்தான் படுகிறது. இது ஒலிம்பிக் அணிக்கான தேர்வு இல்லை. தன் வகுப்பில் தனக்குப் போதுமான பாடம் கிடைக்காத பிள்ளை யார் என்பதுதான் கேள்வி. அதற்கு அவளை அவள் வகுப்போடு ஒப்பிட வேண்டும். மூவாயிரம் மைல் தள்ளி இருக்கும் பிள்ளையோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. காகேட் பயிற்சிப் புத்தகங்கள் கடை நிறையக் கிடைக்கின்றன. கேள்வியின் வடிவம் புதிதாக இருந்து பிள்ளை மிரளாமல் இருக்க ஒன்றிரண்டு மாலைகள் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஆறு மாதம் டியூஷன் வைத்தால், மடித்த தாளில் துளை எண்ணத் தெரிந்த பிள்ளை கிடைப்பாள். வகுப்பு தொடங்கியதும் அங்கே யாரும் துளை எண்ணச் சொல்வதில்லை.

தேர்வில் தேறவில்லை என்ற கடிதம் வந்தாலும் பல மாவட்டங்களில் மேல்முறையீட்டுக்கு ஒரு காலக்கெடு உண்டு, அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம், வெளி உளவியலாளரின் அறிக்கையை ஏற்கும் இடங்களும் இருக்கின்றன. அந்த அறிக்கைக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். ஆக, அங்கும் ஒரு வாசல், ஒரு காவலாளி. ஆண்டின் நடுவில் ஊர் மாறி வருபவர்கள் பள்ளி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது, இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு வைக்கிறீர்களா, கேட்டால்தான் வைப்பீர்களா என்பது.

அடுத்த ஆண்டு அந்த அரைத்தாள் வந்தபோது நான் இரண்டு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினேன். இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்திருந்தார் அந்த அம்மா. அவர்கள் வீட்டிலும் தாள் கோப்பில்தான் இருந்தது, பிரிக்காமல். சமையலறை மேஜையில் வைத்து இருவருமாக நிரப்பினோம். ‘பரிந்துரைப்பதற்கான காரணம்’ என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை; பள்ளி மதிப்பெண் அட்டையைத் தேடப் போனார். வீட்டில் அவள் என்ன செய்வாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “என் சம்பளச் சீட்டு வந்தால் அவள்தான் மணிக்கணக்கைச் சரிபார்ப்பாள். போன மாதம் நாற்பது டாலர் குறைத்திருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்” என்றார். அதையே எழுதினோம்.